மாவாராய்ச்சி

உலகத்தில் ஆராயத்தக்க விஷயங்கள் எத்தனையோ இருக்க, ஓரெழுத்தாலான ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு இத்துணை நீண்டதொரு வியாசம் வரைவது தகுமோ என்று வினவுவார்க்கு யாம் கூறும் விடை யாதெனின், பெரிய விஷயங்களையெல்லாம் முன்னோர் ஆராய்ந்து தீர்த்துவிட்டமையாலும், சிறிய விஷயங்களையும் கைவிட்டால் பட்டம் பெற விழையும் இளைஞர்க்குத் தலைப்புப் பஞ்சம் நேரிடுமே என்னும் கருணையினாலும் இப்பணியை மேற்கொண்டோம் என்பதே. பவணந்தி முனிவர் தம் நன்னூலில் ஓரெழுத்து ஒருமொழிகள் 42 என்று கணக்கிட்டு, அவற்றுள் மகர வரிசைக்கு 6 இடம் ஒதுக்கினார். மா, மீ, மூ, மே, மை, மோ என்னும் அந்த ஆறனுள் மூத்தது மா. மற்ற ஐந்தைப் பற்றி யாம் இங்கே ஒன்றும் கூறப்போவதில்லை. அவை ஐந்து தனித்தனித் தொகுதிகளாக வெளிவரும்.

ஆராய்ச்சிக்குள் புகுமுன் ஆராய்ச்சி நெறியை வகுத்துக்கொள்ளுதல் பண்டிதர் மரபு. எமது நெறி எளியது. இரு மொழிகளில் இரு சொற்கள் ஒலியால் ஒத்திருந்தால் அவை ஒருதாய் வயிற்றில் பிறந்தவை என்று கொள்க. பொருள் ஒத்திராவிட்டால், காலப்போக்கில் பொருள் திரிந்தது என்க. பொருள் ஒத்து ஒலி ஒத்திராவிட்டால், ஒலி திரிந்தது என்க. ஒலியும் ஒவ்வாமல் பொருளும் ஒவ்வாமல் இருக்குமாயின், இரண்டையும் இணைத்த சொல்லொன்று கடல்கோளில் அழிந்துபட்டது என்க. இந்நெறியைக் கைக்கொண்டு தோல்வியுற்ற ஆராய்ச்சியாளர் ஒருவரையேனும் யாம் அறியோம். எல்லாம் வடமொழியிலிருந்து வந்தன என்பாரும், எல்லாம் தமிழிலிருந்து சென்றன என்பாரும் மற்ற எல்லாவற்றிலும் மாறுபட்டு நின்றபோதிலும், இந்த ஒரு நெறியில் மட்டும் சகோதரர்களாகவே விளங்கக் காண்கிறோம்.

இந்நெறியை மதியாதவர்களும் உளர். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாகச் சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்ஸிகன், மா என்னும் ஒரே ஓசையைப் பல தனிச்சொற்களாக எண்ணிட்டுப் பிரித்து வைத்தது. 1961-இல் திராவிட மொழிகளுக்குச் சொற்பிறப்பகராதி கண்ட பரோவும் எமனோவும் மாமரத்துக்கு ஓரிடமும் விலங்குக்கு வேறோரிடமுமாகக் கொடுத்து, ஒரு வீட்டுப் பிள்ளைகளை வெவ்வேறு ஊர் விடுதிகளில் சேர்த்ததுபோல் செய்துவிட்டனர். ஓசை ஒன்றாயிருந்தும் பிறப்பு வேறாயிருக்கலாம் என்பது அன்னோர் சித்தாந்தம். உலகத்து மொழிகள் ஆயிரக்கணக்கில் இருக்க, மனித வாயால் எளிதில் ஒலிக்கக்கூடிய ஓரசைகள் சிலவே ஆகையால், ஒவ்வொரு மொழியும் அந்தச் சிலவற்றையே எடுத்துத் தன் விருப்பம்போல் பயன்படுத்திக்கொள்ளும் என்று அவர்கள் பக்கத்தார் வாதிப்பர். இந்த வாதத்தில் குறை ஒன்றும் இல்லை. அதனாலேயே இதை ஏற்பது அபாயகரமானது. இதை ஏற்றால் இக்கட்டுரை இந்த வாக்கியத்தோடு முடிந்துவிடும்.

இனிப் பொருள்களை முறையே விசாரிப்போம்.

மா என்பது வண்டையும் குறிக்கும் என்பர். குறிக்கட்டும்.

கருமை என்னும் பொருளும் உண்டு. அது இருளாதலின் யாம் அதனுள் புகவில்லை.

மா என்றால் பெரியது. மாநகரம், மாநாடு, மாமன்னன் என்னும் சொற்களில் அது காண்க. மா என்றால் இருபதில் ஒரு பங்கு. இது பழைய பின்ன வாய்பாட்டிலே காண்க. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் முந்திரி 320-இல் ஒன்று, காணி 80-இல் ஒன்று, மா 20-இல் ஒன்று என்று மனப்பாடம் செய்து, மாவும் காணியும் கூடினால் மாகாணி, அதாவது 16-இல் ஒன்று என்று தாள் இல்லாமலே கணக்குப் போட்டனர். ஒரே சொல் பெரியதையும் மிகச் சிறியதையும் எங்ஙனம் குறிக்கும் என்று மயங்குவார், காவிரிப் பாசனத்துக்குச் சென்று நிலத்தை விசாரிக்கக் கடவர். அங்கே 100 குழி ஒரு மா. 20 மா ஒரு வேலி. மூன்று மா ஏறக்குறைய ஓர் ஏக்கர் என்று இன்றும் கணக்குச் சொல்வார்கள். வேலி நிலம் ஆண்ட பாட்டனுக்கு மா என்பது இருபதில் ஒன்று. அவ்வேலி பாகப் பிரிவினையிலும் கோர்ட்டு வியவகாரத்திலும் கரைந்தபின் பேரனுக்கு மிஞ்சிய ஒரு மா மிகப் பெரியது. ஆகவே பெருமை, சிறுமை என்னும் இவ்விரு பொருளும் ஒரே குடும்பத்தில் மூன்று தலைமுறைக்குள் விளைந்தவை என்பது பெறப்படும். இக்கருத்தை முதன்முதல் வெளியிட்டவர் பெயர் தெரியவில்லை. பெயர் தெரியாமையால் அவர் மிகப் பழமையானவர் என்றும், மிகப் பழமையானவராதலால் அவர் கூறியது மெய் என்றும் துணிக.

வடமொழியில் மா என்பது திருமகள். மாதவன் என்னும் பெயர்க்குத் திருமகள் கேள்வன் என்று பொருள் கூறுவது இதனாலேயே. அதே வடமொழியில் மா என்பது ‘கூடாது’, ‘வேண்டாம்’ என்று விலக்கும் சொல்லும் ஆகும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட இடம் ஒன்று உண்டு. கிரௌஞ்சப் பறவை இரண்டனுள் ஒன்றை வீழ்த்திய வேடனை நோக்கி வால்மீகி உரைத்த சாபமே ஆதிகாவியத்துக்கு வித்தான சுலோகம் என்பதும், அது விலக்குப் பொருளுடைய மாவோடு தொடங்குகிறது என்பதும் யாவரும் அறிந்தவை. மங்களமான காவியத்தின் மூலத்தில் சாபம் இருக்கலாகாதே என்று கவலையுற்ற உரையாசிரியர்கள், அந்த மாவைத் திருமகளாக்கி, அடுத்து நின்ற வேடனை இருப்பிடமாக்கி, ‘திருமகளுக்கு உறைவிடமானவனே’ என்று பெருமாளையே விளித்ததாகப் பொருள் கண்டனர். வேடன் நின்ற இடத்தில் திருமால் நின்றார், சாபம் வாழ்த்தாயிற்று, விழுந்த பறவை மட்டும் எழுந்து பறக்கவில்லை. இது எமது கற்பனை என்று வாசகர் கருதவேண்டா. உரையாசிரியர்கள் மெய்யாகவே இவ்வாறு எழுதியிருக்கிறார்கள். எமது கற்பனை இத்தனை உயரம் எட்டாது.

மா என்பது அரைத்த பொடி. தமிழ்நாட்டார் இதனை மாவு என்று உகரம் சேர்த்து நீட்டுவர். ஈழத்தார் அரிசி மா, கோதுமை மா, குரக்கன் மா என்று ஓரெழுத்தோடு நிறுத்தி, எழுத்தையும் மூச்சையும் சிக்கனம் செய்வர். அரைத்த மாவையே அரைத்தல் என்னும் தொடர் பாமரர் வாயில் வசைபோல் வழங்கினும், அது மெய்யாக ஆராய்ச்சி முறையைக் குறிக்கும் ஒரு கலைச்சொல் என்பதும், ஒருவர் அரைத்ததை மற்றொருவர் அரைத்து மேற்கோள் காட்டுவதன்றி வேறு ஆராய்ச்சி உண்டென்பது கேள்விப்படாத செய்தி என்பதும் கற்றோர் சம்மதம்.

மாமரம் என்னும் பொருளே எல்லாவற்றிலும் விரிந்து ஆராயத்தக்கது. காஞ்சியில் சிவபெருமான் ஒற்றை மாமரத்தின்கீழ் அமர்ந்து ஏகாம்பரநாதர் என்று பெயர் பெற்றதும், ஏக ஆம்ரம் என்னும் அப்பெயரை மறந்து ஒற்றை ஆடையுடையவர் என்று அம்பரத்தைத் துணியாக்கிப் பொருள் கூறுவோர் தோன்றியதும் பலர் எழுதிய சங்கதி. ஆனால் தமிழ் யாப்பிலக்கணம் முழுவதுமே ஒரு மாந்தோப்பில் நிற்கிறது என்னும் உண்மையை அதற்குரிய அச்சத்தோடு எவரும் நோக்கியதாகத் தெரியவில்லை. ஈரசைச் சீருக்கு வாய்பாடு கூறவந்த இலக்கண ஆசிரியர்கள், உலகத்துச் சொற்களையெல்லாம் விட்டுத் தேமா, புளிமா என்று இரண்டு மாமரங்களை நட்டனர்; துணைக்குக் கூவிளம், கருவிளம் என்று வேறு இரண்டு வைத்தனர். மூவசைச் சீர் வேண்டியபோது அம்மரங்களே காய்த்துத் தேமாங்காய், புளிமாங்காய் ஆயின. பின்னர்ப் பழுத்துத் தேமாங்கனி, புளிமாங்கனி ஆயின. இம்மட்டில் எல்லாம் இயற்கையோடு இயைந்தது. ஆனால் வெண்பாவில் மா வரலாம், காய் வரலாம், கனி மாத்திரம் வரக்கூடாது என்று ஏன் விதித்தனர்? பழுத்த பழத்தை வாசலிலே நிறுத்திவிட்டுக் காயை உபசரித்து உள்ளே அழைக்கும் இவ்விபரீதத்துக்குக் காரணம் யாது?

கனி பழுத்தால் சாறு ஒழுகி ஓலைச்சுவடி கெடும் என்பர் ஒருசாரார். புலவர்கள் வறியர், அவர்க்குக் கிட்டியது ஊறுகாய்க்கு ஆகும் காயே, கிட்டாததைப் பாட்டில் வைத்துப் பார்த்து ஏங்குவானேன் என்று விலக்கினர் என்பர் மற்றொருசாரார். விதி வகுத்தவர்க்கு நீரிழிவு இருந்தது என்று ஒரு வைத்தியர் எமக்கு வாய்மொழியாகக் கூறினார். அவர் அபிப்பிராயத்தைக் கட்டணம் வாங்காமல் கூறினமையால் யாம் அதற்கு மதிப்பளிக்கவில்லை. ஓசைநயம் கருதியே விலக்கினர், கனிச்சீரின் இறுதி நிரையசை செப்பலோசையைக் கெடுக்கும் என்று யாப்பு நூலார் கூறுவது ஒன்று உண்டு. அது மிகவும் சாதாரணமான காரணமாதலால் தள்ளப்பட்டது.

எமது கொள்கை இது: வெண்பா என்பது செய்யுளன்று, மாந்தோப்புக் குத்தகைப் பத்திரம்.

கிருஷ்ணகிரி, சேலம் பக்கங்களில் மாந்தோப்பு உடையவர்கள், மரம் பூத்த மாத்திரத்திலேயே வியாபாரிக்கு விலைபேசித் தோப்பைக் குத்தகைக்கு விட்டுவிடுவது இன்றும் காணக்கூடிய நடைமுறை. மழைக்கும் காற்றுக்கும் பூச்சிக்கும் அஞ்ச வேண்டியவன் அதன்பின் வியாபாரியே. அவனும் முற்றிய பருவத்தில் காயாகவே பறித்து இறக்குவான்; மரத்திலே பழுக்க விடுபவன் வியாபாரி ஆகமாட்டான். ஆகவே பத்திரத்தில் காய் வரும். கனி வருவதற்கு இடமே இல்லை. இனி வெண்பாவின் ஈற்றுச்சீரை நோக்குக. அது நாள், மலர், காசு, பிறப்பு என்னும் நான்கு வாய்பாடுகளுள் ஒன்றால் முடியவேண்டும். நாள் என்பது தவணை நாள். மலர் என்பது மாம்பூ. குத்தகை பேசிய பருவத்தைக் குறித்தது. காசு என்பதற்கு உரை வேண்டா. பத்திரங்கள் இவ்வாறே முடியும் என்பதை எந்தப் பத்திர எழுத்தரும் சான்று கூறுவார். பிறப்பு என்பதே சற்று இடர்ப்பாடு தருவது. அது குத்தகைதாரர் இன்னார் மகன் இன்னார் என்று பிறப்பு உரைக்கும் பகுதி என்பது ஒரு கட்சி. அடுத்த பருவத்துப் பூ பிறக்குமளவும் பத்திரம் செல்லும் என்னும் காலவரையறை என்பது மறுகட்சி. இவ்விரு கட்சியாரும் ஒரே கல்லூரியில் அடுத்தடுத்த அறைகளில் நெடுங்காலம் வீற்றிருந்தும், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமலே ஓய்வு பெற்றனர் என்பர்.

தளை என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. தளையாவது கட்டு, ஒப்பந்தத்தால் இருவரும் கட்டுண்டிருத்தல். வெண்டளைக்கு வகுத்த விதிகளுள் முதலாவது, மாவுக்கு முன் நிரை வரவேண்டும் என்பது. சீருக்கு அடுத்த சீரின் முதலசையைப் பற்றியது இவ்விதி என்று பள்ளியிலே சொல்லிக்கொடுத்ததை வாசகர் மறந்துவிடுதல் நலம். நிரையாவது ஆநிரை, மாடுகள். வேலியில்லாத மாந்தோப்பின் முன் மாடுகள் வந்து நிற்கும், காவல் வைத்துக்கொள்க என்று குத்தகைதாரரை எச்சரித்தது அது. காய்க்கு முன் நேர் வரவேண்டும் என்பது மற்றொரு விதி. காயை எண்ணும்போது நேர்மை வேண்டும் என்று வியாபாரியை எச்சரித்தது அது. விளத்துக்கும் முன் நேர் வரவேண்டும் என்றமையால், விளாம்பழ வியாபாரியும் நம்பத்தக்கவன் அல்லன் என்பது போதரும். வெண்பாவின் ஓசைக்குச் செப்பலோசை என்று பெயரிட்டது விலை செப்புதலாலே. இன்னும் ஐயமுறுவார்க்கு ஒரு வார்த்தை: கனிச்சீருக்கு உரிய பா எது? வஞ்சிப்பா. கனிச்சீரை வஞ்சியுரிச்சீர் என்றே இலக்கணம் பெயரிட்டழைக்கும். காயைப் பறித்து விற்காமல் கனியட்டும் என்று காத்திருந்து, வௌவாலாலும் அணிலாலும் அடுத்த தெருப் பிள்ளைகளாலும் வஞ்சிக்கப்பட்டவன் பாடிய பாட்டாதலின் அது வஞ்சிப்பா ஆயிற்று. இதனினும் தெளிவான பிரமாணத்தை யாம் எந்தச் சாஸ்திரத்திலும் கண்டிலோம்.

இக்கொள்கைக்கு ஏட்டு ஆதாரம் உண்டோ எனின், உண்டு. பாதியைக் கறையான் தின்றுவிட்ட சுவடி ஒன்றில், கறையான் தின்னாத பாதியில் இதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஆகவே தின்ற பாதியிலே இது விரிவாகக் கூறப்பட்டிருத்தல் வேண்டும் என்பது வெள்ளிடைமலை. அச்சுவடிக்கு ஒருவர் உரை கண்டார். அவ்வுரைக்கு அவர் மாணாக்கர் விளக்கம் எழுதினார். அவ்விளக்கத்தை மறுத்து வேறொரு மடத்துத் தம்பிரான் ஒரு கண்டனம் வெளியிட்டார். அக்கண்டனத்தைக் கண்டித்து, ஆசிரியர் இறந்தபின்னும் அவர்மேல் இருந்த பக்தியால், முதல் மாணாக்கரின் மருமகன் ஒரு ‘கண்டன நிராகரணம்’ இயற்றினார். உரையும் விளக்கமும் கண்டனமும் நிராகரணமும் ஆகிய இந்நான்கும் எழுதப்பட்டதற்கு ஒரு சான்றும் கிடைத்திலது. எனினும், கிடைக்காத நூல்கள் நான்கனுள் ஒன்றேனும் எமது கொள்கையோடு முரண்படாமை ஊன்றி நோக்கத்தக்கது. கிடைத்த நூல்கள் முரண்படுகின்றன. அவை கிடைத்தமை அவற்றின் குறை.

இந்த மாவிலிருந்து பிறந்த காய் கடல் கடந்தது. தமிழில் மாங்காய் என்றும் மலையாளத்தில் மாங்ங என்றும் வழங்கியதைப் போர்த்துக்கீசியர் கேட்டு மங்கா என்றனர். அது ஆங்கிலத்தில் மாங்கோ ஆயிற்று. இது மாத்திரம் பரிகாசமன்று, உள்ளபடி நடந்தது. ஆனால் போர்த்துக்கீசிய மொழியில் மங்கா என்பதற்குச் சட்டைக் கை என்றும் ஒரு பொருள் உண்டு. அது லத்தீனிலிருந்து வந்த வேறு சொல் என்று அம்மொழி வல்லார் கூறுவர். மாம்பழத்தைக் கடித்துத் தின்ற ஒருவன் வாயைச் சட்டைக் கையால் துடைத்ததை இவர்கள் ஒருபோதும் கண்டதில்லை போலும்! ஆங்கில நாட்டுக்குப் பழம் அழுகாமல் போய்ச் சேராதாகையால் முதலில் ஊறுகாயாகவே சென்றது. சென்ற இடத்தில் அவர்கள் ஊறுகாய்க்கே மாங்கோ என்று பெயரிட்டு, முலாம்பழத்தையும் மிளகாயையும் மசாலை அடைத்து ஊறவைத்து அவற்றையும் மாங்கோ என்றே அழைத்தனர். அமெரிக்காவில் சில மாநிலங்களில் சென்ற நூற்றாண்டிலும் குடைமிளகாய்க்கு அதுவே பெயராயிருந்தது. யாரும் காய்கறிக் கடையில் தர்க்கம் செய்ததாகத் தெரியவில்லை.

அடுத்து விலங்கு. தொல்காப்பியர் மரபியலிலே மாவுக்கு ஐயறிவு கொடுத்தார். சிங்கம் அரிமா, அச்சொல்லை இக்காலத்தில் அரிமா சங்கத்தார் அட்டையில் அச்சிட்டுக்கொள்கின்றனர். குதிரை பரிமா, யானை கரிமா. குதிரையை மா என்று மட்டும் சொல்லும் வழக்கமும் பழைய செய்யுள்களில் உண்டு. சீனத்தில் மா என்றால் குதிரை. வியட்நாமில் மா என்றால் குதிரை. சயாம் தேசத்தில் மா என்றால் குதிரை. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் மரக்கலத்திலே குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகிறது. இத்தனைக்கும் மேலே சான்று வேண்டுவார் குதிரையையே விசாரிக்கட்டும். சீனத்தில் ஓசையை ஏற்றியும் இறக்கியும் வளைத்தும் சொல்லுவதால் பொருள் வேறுபடும் என்பதும், நேராக ஒலித்தால் தாய், ஏற்றினால் சணல், இறக்கி ஏற்றினால் குதிரை, இறக்கினால் திட்டுதல் என்பதும், ஓசையின்றிச் சொன்னால் அது வினாக்குறி என்பதும் உண்மையே. ‘அம்மா குதிரையைத் திட்டுகிறாளா?’ என்று சீனப் பிள்ளைகள் நான்கு மாவால் கேட்டுவிடலாம். ஆனால் தமிழெழுத்தில் எழுதும்போது இவ்வேறுபாடுகள் யாவும் மறைந்து மா மா மா மா என்றே நிற்பதனால், தமிழ் நெடுங்கணக்கின் இந்தச் சௌகரியமே எமது ஆராய்ச்சிக்கு அஸ்திவாரம் ஆயிற்று. ஒரு மொழியின் சொல்லை அம்மொழியின் எழுத்தில் கண்டு ஆராய்வோர் வீண் சிரமத்துக்கு ஆளாவர்.

வியட்நாமில் ஓசை ஆறு. அங்கே மா என்பது பேய், தென்பகுதியில் தாய், கல்லறை, குதிரை, நாற்றங்கால் நெல் நாற்று, ‘ஆனால்’ என்னும் இணைப்பு. நாற்றைக் கண்டவுடன் தஞ்சாவூர் ஒரு மா நிலம் நினைவுக்கு வாராதார் ஆராய்ச்சிக்குத் தகுதியற்றவர். சயாமில் மா என்பது நாயும் ஆம், குதிரையும் ஆம், வருதலும் ஆம். ஆதலால் நாய் வந்தது என்பதும் மா மா. குதிரை வந்தது என்பதும் மா மா. நம் வீட்டுக்கு மாமா வந்தால் அவர்கள் மூன்று மாவால் முடித்துவிடுவர். மூன்றாவதைக் கேட்டு நாய் ஏன் குரைக்கிறது என்பது இனி விளங்கும்.

பின்லாந்தில் மா என்றால் நிலம். எங்கள் மாவும் நிலம். பின்னியருக்கும் திராவிடர்க்கும் உறவு கூறியவர் ஒருவரும் இல்லை என்று எண்ணிவிடவேண்டா. 1856-இல் கால்டுவெல் பாதிரியாரே திராவிட மொழிகளைப் பின்னிய மொழியும் துருக்கியும் அடங்கிய சித்தியக் குடும்பத்தோடு சேர்த்துப் பார்த்தார். அவர் பெரும் ஆராய்ச்சியாளராகையால் இலக்கண அமைதிகளை ஒப்பிட்டு அதை நாட்ட முயன்றார்; பின்வந்தோர் ஏற்காமல் போயினர். எம்மைப்போல் ஒரே சொல்லில் நிறுத்திக்கொண்டிருந்தால் அவரை யாராலும் மறுத்திருக்க முடியாது. பக்கத்து எஸ்தோனியாவில் மா என்றால் நான். சிங்களத்தில் மா என்றால் நான், என்னை. பிரான்ஸில் பெண்பாற் பொருளுக்கு முன் மா என்றால் எனது. ஹங்கேரியில் இன்று. போலந்தில் அவனிடம் உளது. நியூசிலாந்து மவோரிகளிடம் வெண்மை; எங்களுக்குக் கருமை என்பது முன்னரே கூறினோம். இடையே எங்கோ வெளுத்திருக்கிறது. அயர்லாந்தில் மா என்றால் ‘ஆயின்’. எபிரேயத்தில் ‘என்ன?’ அரபியிலும் ‘என்ன?’, அங்கேயே ‘இல்லை’யும் ஆகும். கேள்வியையும் மறுப்பையும் ஒரே சொல்லால் முடித்துக்கொள்ளும் வசதி அரசாங்க அலுவலகங்களுக்குப் பரிந்துரைக்கத்தக்கது.

மாவை இரட்டித்தால் மாமா. தமிழில் அவர் தாயுடன் பிறந்தவர், மனைவியைப் பெற்றவர், அத்தையை மணந்தவர், சில வீடுகளில் கணவரே. தெருவிலே காவல்துறையினர்க்கும் அப்பெயர் உண்டு. உலகத்தில் பல மொழிகளில் மாமா என்பது தாய். ஜார்ஜிய மொழியில் மாமா என்பது தகப்பன்; அங்கே தாய்க்குப் பெயர் தேதா. சிங்களத்தில் குறுகி மம என்றால் நான். வடமொழியில் மம என்றால் என்னுடையது. இவையனைத்தையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, தாயும் தந்தையும் மாமனும் நானும் எனதும் ஒன்றே என்று முடிதலின், பிரமசூத்திரத்துக்குப் பாஷ்யம் செய்தவர்கள் இவ்வளவு பாடுபட்டிருக்க வேண்டுவதில்லை. ரோமன் யாக்கப்சன் என்னும் மொழியியலார் 1960-இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில், பால் குடிக்கும் குழந்தையின் வாய் அடைபட்டிருக்க மூக்கால் எழும் முனகலே மகரமாகி, அது தாயைக் குறித்து நிலைபெற்றது என்று விளக்கினார். இது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் குழந்தைகளிடமிருந்து மொழியைக் கற்கப் புகுந்தால் பேராசிரியர் பதவிகள் எதற்கு?

எமது நெறிக்கு எதிராகக் காட்டப்படும் சான்று ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துப் பழங்குடிகள் பேசிய ம்பாபரம் என்னும் மொழியில் நாய்க்குப் பெயர் டாக். ஆங்கிலத்திலும் அதற்கு அதுவே பெயர். ஆங்கிலேயர் கொடுத்த சொல்லும் அன்று, ஆங்கிலேயர் பெற்ற சொல்லும் அன்று. ம்பாபர மொழியின் பழைய வடிவம் வேறாயிருந்து, ஒலி மாறி மாறித் தற்செயலாக அங்கே வந்து நின்றது என்று டிக்ஸன் என்னும் மொழியியலார், பக்கத்து மொழிகளோடு ஒப்பிட்டுக் கண்டறிந்தார். இப்படிப்பட்ட ஓர் உடைமை கைக்குக் கிடைத்திருக்க, தற்செயல் என்று ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப்போன அவருடைய மனத்துறவைப் போற்றுகிறோம். அச்சொல் எமக்குக் கிடைத்திருந்தால் மூன்று மாநாடுகள் நடத்தியிருப்போம்.

எஞ்சியது ஒரு பொருள். மா என்பது வியங்கோளோடு வரும்போது அசைச்சொல் என்று தொல்காப்பியர் இடையியலில் கூறினார். அசைச்சொல்லாவது பொருள் ஒன்றும் இன்றி நிற்பது. ஆகவே மேலே கூறிய அத்தனை பொருளோடும் பொருளின்மை என்னும் பொருளையும் கூட்டிக்கொள்க. இத்தகைய இடத்தில் அது செய்யுளை நிரப்பும். அதே தொழிலைச் செய்து கட்டுரையை நிரப்பும் சொற்கள் பல இக்கட்டுரையிலும் உள. அவற்றைத் தேடி எண்ணும் பணியைப் பட்டம் பெற விழையும் முன்கூறிய இளைஞருள் ஒருவர்க்கு விட்டுவைக்கிறோம்.

இக்கொள்கைகளுக்கு ஆக்ஷேபம் எழுதப் புகுவார், ‘ஆனால்’ என்றே தொடங்குவர். இத்தாலியில் அச்சொல் மா. வியட்நாமிலும் அச்சொல் மா. எனவே எமக்கு எழுதப்படும் ஒவ்வொரு மறுப்பும் அதன் முதற் சொல்லிலேயே எமக்குச் சான்றாகி, இரண்டாம் பாகத்தில் நன்றியறிதலோடு சேர்த்துக்கொள்ளப்படும். அங்ஙனம் எம் கட்சியில் சேர்க்கப்படுவதை விரும்பாதார், அச்சொல்லையே வடமொழி வழக்குப்படி பொருள் கொண்டு பேனாவை மூடிவிடலாம்.